பழைய சீரியல்ல துப்பறியும் படத்தோட சாயலப் பிடிக்கிறது எப்படி

பாம்பன், மண்டபம் பக்கம் ஆன்டெனாவத் திருப்பித் திருப்பி இலங்கை டிவி ரூபவாஹினி பாத்து வளந்தவங்க எல்லாரும் இத ஒரு தடவ செஞ்சு பாக்கணும். மொதல்ல மூலப் படங்களப் பாத்துருங்க, 1941 மால்டீஸ் ஃபால்கன், 1949 தேர்ட் மேன், நம்ம 1954 அந்த நாள், இது போதும். அப்புறம் சீரியல் ஓடும்போது வசனத்த விட்டுட்டு வெளிச்சத்தப் பாருங்க, ஜன்னல் நிழல் மூஞ்சில கோடு கோடா விழுதா, கேமரா வேணும்னே சாஞ்சு நிக்குதா, சாஞ்சிருந்தா தேர்ட் மேன் வாசனைதான், அங்கயே நிறுத்தி ரீவைண்ட் பண்ணுங்க. ஒரே கொலைய ஆளுக்கொரு விதமா சொன்னா அந்த நாள், அதுக்கும் முன்னாடி 1950 ஜப்பான் படம் ரஷோமான். வெறும் தொப்பியும் சிகரெட்டும் மட்டும்னா கணக்குல சேக்காதீங்க, ரெண்டு அடையாளமாவது சேந்து வரணும். 1985ல மூன்லைட்டிங்ங்கிற அமெரிக்கத் துப்பறியும் சீரியலோட ஒரு எபிசோட்ல கனவுக் காட்சிகளக் கருப்பு வெள்ளைல எடுத்து, தேர்ட் மேன்ல நடிச்ச ஆர்சன் வெல்ஸையே வந்து முன்னுரை சொல்ல வச்சாங்க, அதுலருந்து ஆரம்பிங்க, என்னா அழகு தெரியுமா!