பேசினால் நின்றுவிடும் கால்கள்

அப்பாவுக்கு 76 வயது. லேசான ஞாபகக் குறைவுதான், டிமென்ஷியா அளவுக்கு இல்லை என்றார் மருத்துவர். எங்களைப் பயமுறுத்தியது அவர் நடை. நடக்கும்போது ஏதாவது கேட்டால் நின்றுவிட்டுத்தான் பதில் சொல்வார். ஒருநாள் அப்படிக் கொல்லையில் திரும்பியவர் விழுந்துவிட்டார். முட்டிதான் காரணமென்று நாங்கள் தைலம் தேய்த்ததெல்லாம் வீண்.

பிசியோதெரபிஸ்ட் அவரை நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் போய்த் திரும்பி வந்து உட்காரச் சொன்னார். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டாம். அப்பாவுக்கு 17. எண்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே செய்தபோது 26! நடைக்கும் மூளையின் கவனம் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

பயிற்சிகள் தொடங்கின. முதலில் நாற்காலியில் கை ஊன்றாமல் எழுவது, சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறுபாதம் வைத்து நிற்பது. அப்புறம்தான் பேசிக்கொண்டே நடப்பது. நான் கைக்கெட்டும் தூரத்தில். கணக்கு என்றால் எரிச்சல்பட்டார். ரயில்வேக்காரர் ஆயிற்றே, சரி, விழுப்புரத்திலிருந்து ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லுங்கள் என்றேன். உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம், பெண்ணாடம், அரியலூர் என்று உற்சாகமாகிவிட்டார்.

வாசல் மிதியடிகளை எடுத்தோம், ராத்திரி விளக்கு போட்டோம். மூன்று மாதத்தில் 17 நொடி 13 ஆனது. ஸ்டேஷன் வரிசையில் லால்குடி வரும்போது மட்டும் இன்னும் நின்றுவிடுகிறார். அங்கே பெண் பார்க்கப் போன கதையைச் சொல்லியாக வேண்டுமாம்.