வழக்கு நிலுவையில் இருக்கும்போது வேலை தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

ஊர்த் திருவிழாவில் இரண்டு தெருப் பையன்களுக்குள் அடிதடி. கூட நின்றவன் பெயரும் ஏழாவது ஆளாக எஃப்.ஐ.ஆரில் ஏறிவிடுகிறது. மூன்று வருடம் கழித்து அவனுக்கு அரசு வேலை வருகிறது. சரிபார்ப்புப் படிவத்தில் ஒரு கேள்வி: 'உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா?' பக்கத்தில் இருக்கும் மாமா, "இல்லைன்னு போடுப்பா, யாரு பார்க்கப்போறா" என்கிறார்.

பார்ப்பார்கள். அந்தப் படிவம் உள்ளூர் காவல் நிலையத்துக்குத்தான் விசாரணைக்கு வரும். தனியார் நிறுவனங்களுக்காகப் பின்னணி விசாரிப்பவர்களும் நீதிமன்ற இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள். வழக்கைவிட அந்த 'இல்லை'தான் பலருடைய வேலையைப் பறித்திருக்கிறது.

2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது. சாதாரண வழக்கு, அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார் என்றால், வழக்கின் முடிவுக்கு உட்பட்டு அவருக்கு வேலை கொடுக்கலாம் என்கிறது தீர்ப்பு. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, அது நிர்வாகத்தின் முடிவு. ஆனாலும் உண்மையை எழுதியவருக்கு வாதாட இடம் இருக்கிறது. மறைத்தவருக்கு அந்த இடம் சுருங்கிவிடுகிறது. எனவே குற்ற எண், காவல் நிலையம், சட்டப்பிரிவு, எந்த நீதிமன்றம், வழக்கு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என எல்லாவற்றையும் எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இணையுங்கள். கொடுத்ததை எல்லாம் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த பிறகு வழக்கு வந்தால் அதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பயத்தில் கேட்காததை எல்லாம் கொட்டுவது. 'கைது செய்யப்பட்டீர்களா', 'வழக்கு உள்ளதா', 'தண்டனை பெற்றீர்களா' மூன்றும் வேறு வேறு கேள்விகள். தண்டனை பற்றி மட்டும் கேட்டால், வழக்கு நடந்துகொண்டிருப்பவர் 'இல்லை' என்று எழுதுவது பொய் ஆகாது. கேட்காத ஒன்றை மறைத்தார் என்று நடவடிக்கை எடுக்க முடியாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் கேள்வியை இரண்டு முறை படியுங்கள், புரியாவிட்டால் வக்கீலிடம் காட்டிவிட்டு நிரப்புங்கள்.

போலீஸ் வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "ராஜி ஆயிட்டோம், சாட்சி மாத்திச் சொல்லிட்டா விடுதலைதானே" என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்நாடு காவலர் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ (முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னதாலோ) விடுதலையானவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். எனவே தேர்வு அறிவிப்புக்குக் காத்திருக்காமல், உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்க முடியுமா என்று இப்போதே வக்கீலிடம் பேசுங்கள்.

வேலை கிடைத்த சந்தோஷத்தில் வாய்தாவை விடுவது இன்னொன்று. புது வேலை, லீவு கேட்கத் தயக்கம், இரண்டு வாய்தா போகவில்லை. அப்புறம் பிடிவாரண்ட். முந்தைய நாளே வக்கீலுக்குச் சொல்லிவிட்டால் அன்று ஒரு நாள் நேரில் வராமல் இருக்க அனுமதி கேட்கும் '317 மனு'வை அவர் போட்டுப் பார்ப்பார். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண் அது; புதிய சட்டத்தில் 355-ஆம் பிரிவு. ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால், வேலை நியமன ஆணையைக் காட்டி அதைத் தளர்த்தச் சொல்லி மனு போடலாம்.

வெளிநாட்டு வேலை என்றால், "கேஸ் இருக்குன்னு போடாதே, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள். தகவலை மறைத்து வாங்கிய பாஸ்போர்ட்டை முடக்கலாம், அதற்காகத் தனி வழக்கும் வரலாம். நேரான வழி ஒன்று இருக்கிறது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே வெளிநாடு செல்ல அனுமதி கேட்டு மனு போட்டு, அந்த உத்தரவோடு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 1993-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை இதற்கு இடம் தருகிறது. எத்தனை வருடத்துக்கு என்று உத்தரவில் இல்லாவிட்டால் பாஸ்போர்ட் ஒரு வருடத்துக்குத்தான் கிடைக்கும். ஆகவே மனுவிலேயே காலத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.