மணல்மேட்டுச் செடிகளின் பருவத்தைக் குறிக்கும்போது விடும் பிழைகள்

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குப் போனால் அடம்பன் கொடியில் விரிந்த பூவைக் காண்பது அரிது. அதே கொடி காலை ஏழு மணிக்கு ஊதாப் பூவாய்ச் சிரித்துக்கொண்டு நிற்கும். அடம்பன் பூ காலையில் விரிந்து பின்னேரத்துக்குள் வாடிவிடும். செடிகள் எப்போது பூக்கின்றன, காய்க்கின்றன என்று குறிக்கத் தொடங்கிய நான், இது தெரியாமல் முதல் இரண்டு மாதமும் வேலை முடிந்த பிறகே போனேன். கொப்பியில் வரிக்கு வரி "பூ இல்லை". அந்தப் பக்கங்களை இன்றைக்கும் பார்க்க மனம் கனக்கிறது. நேரத்தைக் குறிக்காத பதிவை நம்ப முடியாது. தினமும் ஒரே நேரம் என்றால் இன்னும் நல்லது.

அடுத்தது, நாட்காட்டியை மட்டும் நம்புவது. கடற்கரை மணலில் தண்ணீர் தங்காது, மேலே உப்புக்காற்று வேறு. அதனால் பாலைவனச் செடிகளைக் கவனிப்போருக்கு உள்ள சிக்கல் நமக்கும் உண்டு. வட அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் ஒக்கொட்டியோ என்றொரு முட்செடி. மழை பெய்து சில நாட்களில் இலை விடும், மண் காய்ந்ததும் உதிர்த்துவிடும்; ஒரே வருடத்தில் பல தடவை. அது எந்த மாதம் துளிர்க்கும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மழையைத்தான் கேட்க வேண்டும்.

நம் பக்கம் மாரி ஒக்டோபரில் தொடங்கும் என்பது பொதுக்கணக்கு. சித்திரை இடிமழையோ கல்லடியில் கொட்டிவிட்டு களுவாஞ்சிக்குடியை எட்டிப் பார்க்காமலே போய்விடலாம். எனவே உங்கள் இடத்து மழையை நீங்களே அளவுங்கள். அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள ஒரு பேணி போதும்: அதில் ஒரு சென்ரிமீற்றர் நின்றால் 10 மில்லிமீற்றர் மழை. அடி குவிந்த சோடாப் போத்தல் கணக்கைக் கெடுத்துவிடும்.

இராவணன் மீசையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இந்தப் புல்லில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் செடியில் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டு, கை வைத்தால் குத்தும் உருண்டைத் தலை வரும். முற்றியதும் கழன்று காற்றோடு மணலில் உருண்டோடும், பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். ஆண் செடியில் அந்த உருண்டை வராது. ஆண் செடியொன்றை அடையாளம் வைத்துவிட்டு "இந்த வருடம் காய்க்கவில்லை" என்று எழுதினால் அது செடியின் குற்றமா? கரையில் கிடக்கும் உருண்டையைப் பக்கத்துச் செடியின் கணக்கில் போடுவதும் இதே வகைப் பிழை. அது எங்கிருந்து உருண்டு வந்ததோ!

அடம்பனில் இன்னொன்று. ஒரு கொடியின் நுனியைக் குறிவைத்தால் அடுத்த மாதம் அது எங்கேயோ போயிருக்கும். ஒரு மீற்றர் சதுரத்துக்கு நாலு மூலையிலும் கம்பு அடித்து, உள்ளே விரிந்த பூக்களை எண்ணுங்கள். "நிறையப் பூ" என்பது உங்களுக்கு ஒன்று, உங்கள் தங்கைக்கு வேறொன்று. மாடு மேய்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் கோடையில் இலை உதிர்ந்ததாகப் பின்னால் வாசிப்பவர் நினைப்பார்.

காய்ச்சலிலோ கலியாண வீட்டிலோ ஒரு கிழமை தவறிப்போகும். வீட்டிலிருந்து நினைவில் எழுதி நிரப்பாதீர்கள். திகதியைப் போட்டு, "போகவில்லை" என்று எழுதிவிடுங்கள்.