பிரிட்டனில் கார் ஓட்டப் போகும் அனுபவசாலிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து பிரிட்டனுக்குக் குடிபெயர்பவர்கள், அங்கும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதாலும், ஊரில் பல ஆண்டுகள் கார் ஓட்டிய பழக்கம் இருப்பதாலும், உரிம வேலையைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். இந்திய உரிமத்தை வைத்து அங்கே ஓட்டலாம். ஆனால் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே. இடையில் பொங்கலுக்கு ஊர் வந்து திரும்பினாலும் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்காது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிச் செல்லும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கெடுவை நீட்டிக்காது.

இந்திய உரிமத்தைக் கொடுத்து அந்நாட்டு உரிமமாக மாற்றிக்கொள்ளும் வசதியும் இல்லை. புரொவிஷனல் உரிமம் (நம் ஊர் எல்.எல்.ஆர். போன்ற பழகுநர் உரிமம்) பெற்று, 50 கேள்விகளில் 43-க்குச் சரியான விடை கேட்கும் எழுத்துத் தேர்விலும், சாலையில் வரும் ஆபத்தை முன்கூட்டியே கண்டறியும் காணொளித் தேர்விலும் தேறிய பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் பதிவு செய்ய முடியும். அதற்குப் பல மையங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதால், பத்தாவது மாதத்தில் விழித்துக்கொள்பவருக்கு நேரம் போதாது.

ஓட்டுநர் தேர்வில் பழக்கமே பகையாகிறது. நம் ஊர் ரவுண்டானாவில் முதலில் மூக்கை நுழைத்த வண்டிக்கே வழி; அங்கே வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். பக்கக் கண்ணாடியை மடக்கி வைத்தே ஓட்டிப் பழகியவர், ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன் கண்ணாடியைப் பார்க்கிறாரா என்று தேர்வாளர் கவனிப்பார். சிறு பிழைகள் 15 வரை பொறுக்கப்படும். கடுமையான பிழை ஒன்றே போதும், தோல்விதான். உள்ளூர்ப் பயிற்றுநரிடம் சில வகுப்புகளாவது எடுப்பதைக் கௌரவக் குறைவாக எண்ண வேண்டாம்.

காப்பீட்டில்தான் பணம் அதிகம் போகிறது. ஊரில் பத்தாண்டுகள் விபத்தின்றி ஓட்டியிருந்தாலும், கார் அப்பா பெயரில் இருந்தால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான பிரிமியத் தள்ளுபடி, அப்பாவுக்கே உரியது. ஓட்டிய மகளுக்கோ மகனுக்கோ காட்ட எந்தத் தாளும் இராது. தம் பெயரில் போனஸ் உள்ளவர்களுக்கும் எல்லா நிறுவனங்களும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்கும் நிறுவனத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிரிமியத்தைக் குறைப்பதற்காக, வைத்திருப்பது இந்திய உரிமம் என்பதை மறைப்பதும், நீண்ட காலமாக அங்கே வாழும் மாமாவை முதன்மை ஓட்டுநராகக் காட்டுவதும் மோசடியாகவே கொள்ளப்படும். விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். செல்லுபடியாகும் காப்பீடின்றிப் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகளும் விழும். முதல் உரிமம் பெற்று இரண்டாண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே ரத்தாகி, எல்லாத் தேர்வுகளையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே, விமானம் ஏறும் முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்குச் சென்று, பாலிசி எண், காப்பீடு நடப்பிலிருந்த தேதிகள், இழப்பீடு கோராத ஆண்டுகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, முத்திரையிட்ட ஆங்கிலக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். காரை விற்றுவிட்டுப் போவதாக இருந்தாலும் இது பொருந்தும்.