அனாடமி பரீட்சைக்கு இருபத்தொரு நாள்: என் அக்கா மகளுக்குச் சொல்லிக்கொடுத்த விதம்

போன வருடம் என் அக்கா மகள் பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டரில் இருந்தாள். அனாடமி, பிசியாலஜி பரீட்சைக்கு இருபத்தொரு நாள் இருக்கும்போது போன் செய்தாள். "சித்தி, ரெண்டு தடவை முழுசா படிச்சிட்டேன். புக்கை மூடினா ஒண்ணுமே வரமாட்டேங்குது" என்று அழுதாள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம் படித்தவள். நானும் அப்படித்தான். முதல் வருடம் இதே பாடத்தில் நான் ஃபெயில் ஆனேன். தமனி என்றால் சுத்த ரத்தம், சிரை என்றால் அசுத்த ரத்தம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததால், நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் ஓடுவதாக ஒரு பக்கம் எழுதிவிட்டு வந்தேன். இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய் தமனி, இதயத்துக்குத் திரும்பும் குழாய் சிரை. அவ்வளவுதான் அதன் பொருள். அதில் எந்த ரத்தம் ஓடுகிறது என்பது வேறு கேள்வி. இது எனக்குப் புரிந்தது சப்ளிமென்டரிக்குப் படித்தபோதுதான். அப்போது கண்டுபிடித்த முறையைத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

முதல் நாள் தொடங்கும்போது புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். ஒரு சார்ட் பேப்பரில் தலை, உடம்பு, கை, கால் என்று ஒரு மனித உருவம் போடுங்கள். உங்களுக்குத் தெரிந்த உறுப்பையெல்லாம் உள்ளே வரைந்து பெயர் எழுதுங்கள். ஒரு மணி நேரம் போதும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாக வைத்ததையும் சிவப்பு மையில் திருத்துங்கள். என் அக்கா மகள் கணையத்தை வரையவே இல்லை, சிறுநீரகத்தின் மேல் உட்கார வேண்டிய அட்ரினல் சுரப்பியைத் தொண்டையில் வைத்திருந்தாள். அந்தச் சிவப்பு மைதான் இனி உங்கள் பாடத்திட்டம். தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கும்போது மனசுக்குச் சுகமாக இருக்கும். பரீட்சைக்கு அது உதவாது. அன்று மாலையே பழைய கேள்வித்தாள்களை எடுத்து, எந்தக் கேள்வி எஸ்ஸேயாக வருகிறது, எது ஷார்ட் நோட்ஸாக வருகிறது என்று உறுப்பு வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இதயம், சிறுநீரகம், நுரையீரல் மூன்றும் அதில் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தாலே எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

எலும்புகளுக்கு என்று தனியாக ஒரு நாள் ஒதுக்காதீர்கள். தினமும் காலையில் பத்து நிமிடம், உங்கள் உடம்பிலேயே தொட்டுப் படியுங்கள். கழுத்துக் குழியில் விரலை வைத்து நெஞ்செலும்பின் மேலேயே கீழே இழுங்கள். ஐந்து சென்டிமீட்டர் அளவு இறங்கியதும் குறுக்கே ஒரு மேடு தட்டும். அதன் பக்கவாட்டில் சேர்வது இரண்டாவது விலா எலும்பு. அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால், இடப்பக்கம் ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே இதயத்தின் நுனி துடிப்பதை உணரலாம். தலையைக் குனிந்தால் பிடரியில் துருத்துவது பெரும்பாலும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. இடுப்பில் கை வைத்து, இரண்டு பக்க இடுப்பெலும்பின் உச்சியையும் முதுகுக்குக் குறுக்கே கோடு போட்டு இணைத்தால் அந்தக் கோடு நாலாவது லம்பார் (கீழ்முதுகு) முள்ளெலும்பை ஒட்டிப் போகும். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும் டாக்டர் முதலில் தடவிப் பார்ப்பது இந்தக் கோட்டைத்தான்.

கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, கீழ்முதுகில் 5 என்று முள்ளெலும்புக் கணக்கு எல்லோருக்கும் வரும். கழுத்து எலும்பு 7 என்றால் கழுத்து நரம்பு ஏன் 8 ஜோடி என்று கேட்டால்தான் திணறுவார்கள். முதல் நரம்பு முதல் எலும்புக்கு மேலே வெளிவருகிறது, எட்டாவது நரம்பு ஏழாவது எலும்புக்குக் கீழே வெளிவருகிறது. காரணம் தெரிந்த எண் மறக்காது. கழுத்து 8, மார்பு 12, கீழ்முதுகு 5, அதற்குக் கீழே சேக்ரல் 5, வாலெலும்பு 1 என்று கூட்டினால் 31 ஜோடி தண்டுவட நரம்புகள்.

அடுத்தது இதயம். இதற்கு மட்டும் நான்கு நாள் கொடுங்கள், யாரும் அதிகம் என்று சொன்னால் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போய், "பாய், ஒரு ஆட்டு இதயம் வெட்டாம முழுசா வேணும், ஒரு கிட்னி, கொஞ்சம் சுவரொட்டி" என்று கேளுங்கள். வீட்டில் நன்றாகக் கழுவி ஒரு தட்டில் வையுங்கள். இதயத்தை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தால் ஒரு பக்கம் கெட்டியாக இருக்கும். அது இடது வெண்ட்ரிக்கிள், அதாவது இதயத்தின் இடது கீழ் அறை. உடம்பு முழுக்கத் தள்ள வேண்டிய சுவர் தடிமனாகவும், பக்கத்திலிருக்கும் நுரையீரல்வரை தள்ளினால் போதும் என்கிற வலது சுவர் மெல்லிசாகவும் இருப்பதை விரல் தானாகச் சொல்லும். மகாதமனியின் வெட்டு முனை தெரிந்தால் அதற்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று சின்னக் கிண்ணங்கள் விரிந்து வழியை அடைத்துக்கொள்ளும். அரைச்சந்திர வால்வு என்ற பெயர் எதற்கு என்று அப்போது புரியும். கீறிப் பார்த்தால் ஈரிதழ் வால்வைக் கட்டி வைத்திருக்கும் வெள்ளை நூல்கள் தெரியும்.

இங்கே தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. பத்தாம் வகுப்பில் ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள் என்று படித்தோம். கல்லூரிப் புத்தகத்தில் மேல் அறைக்கு ஏட்ரியம் என்று பெயர். ஆரிக்கிள் என்றால் அந்த ஏட்ரியத்தில் காது மடல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை மட்டும். பழைய பெயரை எழுதினால் மதிப்பெண் போகும்.

பிறகு ஒரு சிவப்பணுவாக உங்களை நினைத்துக்கொண்டு தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடங்கள். "பெருஞ்சிரை வழியா வலது ஏட்ரியத்துக்கு வர்றேன், மூவிதழ் வால்வைத் தாண்டி வலது வெண்ட்ரிக்கிள், அங்கேருந்து நுரையீரல் தமனி, நுரையீரல்ல ஆக்சிஜன் ஏத்திக்கிட்டு நாலு நுரையீரல் சிரையில ஒண்ணுல திரும்பி இடது ஏட்ரியம், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், மகாதமனி." முதலில் தமிழில் ஓடட்டும். தடங்கல் இல்லாமல் வந்த பிறகு ஆங்கிலப் பெயர்களை மாட்டுங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டும் நிற்காது.

எண்களையும் இப்படித்தான். ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 72 துடிப்பு, பெருக்கினால் ஏறக்குறைய 5 லிட்டர். அதை அறுபதால் பெருக்குங்கள், மணிக்கு 300 லிட்டர். ஒரு ஆளின் எடையைப் போலப் பல மடங்கு. இவ்வளவு ரத்தத்தை ஒரு மணி நேரத்தில் உடம்பு புதிதாக உண்டாக்கவே முடியாது, அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றி வர வேண்டும். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் இந்த வகைக் கணக்கைப் போட்டுத்தான் ரத்த ஓட்டத்தை நிறுவினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை அவர் பார்க்கவில்லை. 1661-ல் இத்தாலிய மருத்துவர் மால்பிஜி அவற்றைத் தவளையின் நுரையீரலில் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தார். இந்தக் கதை பரீட்சையில் வராது. ஆனால் கணக்கை நீங்களே போட்டதால் கார்டியாக் அவுட்புட் (நிமிடத்துக்கு இதயம் தள்ளும் ரத்த அளவு) வரையறை கையோடு வந்துவிடும்.

சிறுநீரகத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் வெளியே கார்ட்டெக்ஸ், உள்ளே மெடுல்லா என்று நிறமே பிரித்துக் காட்டும். ஆட்டுக்கு மெடுல்லாவில் உள்ள கூம்புகள் (பிரமிடுகள்) ஒன்றாக ஒட்டியிருக்கும், மனிதருக்குத் தனித்தனியாக இருக்கும்; எனவே படம் மட்டும் புத்தகத்தைப் பார்த்துப் பழகுங்கள். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான், அதாவது வடிகட்டும் நுண் அலகுகள். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நிமிடத்துக்கு 125 மி.லி. வடிகட்டுகின்றன, ஒரு நாளைக்கு 180 லிட்டர். நாம் கழிப்பதோ ஒன்றரை லிட்டர் அளவு. மீதி 99 சதவீதத்துக்குமேல் எங்கே, எப்படித் திரும்பப் போகிறது? சிறுநீர் உருவாதல் பற்றிய எஸ்ஸேயின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கான பதில்தான். மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் மஞ்சளாகக் கொஞ்சமாக வருவது ஏன் என்று யோசித்தால் சிறுநீரில் தண்ணீர் வீணாகாமல் பிடித்துவைக்கும் ஏ.டி.ஹெச். ஹார்மோன் வேலை விளங்கும்.

ரத்த அழுத்தத்தைக் காக்கும் ரெனின், ஆஞ்சியோடென்சின் சங்கிலி பலருக்கும் தலைவலி. எங்கள் அம்மா பிரஷருக்கு எனாலாப்ரில் சாப்பிடுகிறார். அக்கா மகளை அம்மா முன்னால் உட்காரவைத்து, "பாட்டிக்கு இந்த மாத்திரை என்ன செய்யுதுன்னு புரியற மாதிரி சொல்லு" என்றேன். ரத்த அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் விடுகிறது, கல்லீரலிலிருந்து வந்த ஆஞ்சியோடென்சினோஜனை அது ஆஞ்சியோடென்சின்-1 ஆக மாற்றுகிறது, முக்கியமாக நுரையீரலில் இருக்கும் ஒரு நொதி அதை ஆஞ்சியோடென்சின்-2 ஆக மாற்றுகிறது, அது ரத்தக்குழாயை இறுக்கி, அட்ரினலிலிருந்து ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை வரவழைத்து உப்பையும் தண்ணீரையும் தக்கவைக்கிறது. மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது. "அதான் உப்பைக் குறைக்கச் சொல்றாங்களா?" என்று அம்மா கேட்டார். அவள் பதில் சொல்லத் திணறி, புத்தகத்தைப் புரட்டி, மறுநாள் சரியாகச் சொன்னாள். படிக்காத ஒருவர் கேட்கும் கேள்வியைவிட நல்ல டெஸ்ட் கிடையாது. வீட்டில் யாரையாவது பிடியுங்கள்.

சுவரொட்டி என்பது மண்ணீரல். 120 நாள் உழைத்து முடித்த சிவப்பணுக்கள் அழியும் முக்கியமான இடம் அது. அந்த அணுக்களில் இருந்த இரும்பை உடம்பு வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது, மிச்சம் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியாகிக் கல்லீரல் வழியாகப் பித்தத்தில் கலக்கிறது. ரத்தசோகைப் பெண்களுக்குப் பாட்டிமார் சுவரொட்டி வறுத்துக் கொடுப்பதையும், மஞ்சள் காமாலையில் கண் மஞ்சளாவதையும் ஒரே நூலில் கோத்துப் படியுங்கள்.

மூளை நரம்புகள் பன்னிரண்டுக்கும் கண்ணாடி முன் நில்லுங்கள். காபி வாசனை முதல் நரம்பு, பார்ப்பது இரண்டு, கண்ணை உருட்டுவது மூன்று, நாலு, ஆறு. மெல்லுவது ஐந்து, சிரிப்பது ஏழு, கேட்பது எட்டு, விழுங்குவது ஒன்பதும் பத்தும், தோளைக் குலுக்குவது பதினொன்று, நாக்கை நீட்டுவது பன்னிரண்டு. நாலு நாள் செய்தால் போதும்.

ஸ்பெல்லிங்குக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். காதில் ஒரே மாதிரி விழும் சொற்கள்தான் ஆபத்து. இடுப்பெலும்பும் இலியம், சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம். ஆங்கிலத்தில் எலும்புக்கு நடுவில் 'i' (ilium), குடலுக்கு 'e' (ileum). யூரேட்டர் சிறுநீரகத்திலிருந்து பைக்கு, யூரித்ரா பையிலிருந்து வெளியே.

ஒரு பாடம் முடிந்ததும் அடுத்த நாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, வெள்ளைத்தாளில் புத்தகம் பார்க்காமல் படம் போட்டுப் பாகம் குறியுங்கள். இதயப் படத்தில் நோயாளியின் வலது பக்கம் உங்கள் தாளின் இடது பக்கம் வரும். அவசரத்தில் மாற்றிவிடுபவர்கள் ஏராளம். பேனா எடுத்ததுமே மூலையில் பென்சிலால் வலது, இடது என்று குறித்துவிட்டு வரையத் தொடங்குங்கள். எஸ்ஸேயில் வரையறை, படம், அமைப்பு, வேலை என்ற வரிசையில் எழுதுங்கள். குறியீட்டுக் கோடுகளை ஒன்றை ஒன்று வெட்டாமல், முடிந்தவரை ஒரே பக்கமாக இழுங்கள்.

முந்தின இரவு சிவப்பு மை போட்ட அந்த முதல் சார்ட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.