பல்க் டெண்டர் வழியாகத் தற்காலிகத் தொழில்நுட்ப ஊழியரை எடுப்பது எப்படி? அரசாங்க அலுவலகத்துக்குப் புதியவர்களுக்கு

உங்கள் பிரிவில் உரிம விண்ணப்பச் செயலி ஒன்றைப் புதுப்பிக்கிறார்கள். இருக்கும் ஆட்கள் போதவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு டெவலப்பரும் ஒரு டெஸ்டரும் வேண்டும். மேலதிகாரி “பல்க் டெண்டரில் எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் அதிகாரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. சிங்கப்பூரில் அரசாங்க அமைப்பு எதையாவது பெரிய அளவில் வாங்க வேண்டுமென்றால் அரசாங்கக் கொள்முதலுக்கான ஜீபிஸ் இணையவாசலில் ஏலக்குத்தகைக்கு (டெண்டருக்கு) அழைக்க வேண்டும். நிறுவனங்கள் விலை கொடுக்கும், குழு மதிப்பிடும், தனியே ஓர் அதிகாரி ஒப்புதல் தருவார். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். பல அமைப்புகளுக்கும் தேவைப்படும் சேவை என்றால், ஆளுக்கொரு டெண்டர் போடுவது வீண் வேலை. அதனால் ஓர் அமைப்பு எல்லோர் சார்பிலும் ஒரே டெண்டர் போட்டு, சில நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, பணிப்பொறுப்புகள், விலை, நிபந்தனைகளை முடிவு செய்து வைத்துவிடும். இதுதான் பல்க் டெண்டர். தொழில்நுட்பத்தில் இதைப் பெரும்பாலும் செய்வது 2016ல் அமைக்கப்பட்ட கவ்டெக் எனும் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு. ஒப்பந்தக் காலம் முடியும்வரை மற்ற அமைப்புகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒப்பந்தம் குறைத்துத் தருவது நடுவில் இருக்கும் வேலையை மட்டும்தான். என்ன வேண்டும் என்று யோசிப்பதும், வந்த ஆளைச் சரியாக நடத்தி முறையாக அனுப்பிவைப்பதும் நம் பொறுப்பு. அங்கேதான் மக்கள் பணம் வீணாகிறது.

படி 1: ஆள் வேண்டுமா, வேலை முடிய வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதுங்கள். ஆளை நாள் கணக்கில் எடுத்தால், தினமும் அவருக்கு வேலை சொல்லவும், செய்ததைப் பார்த்துச் சரி தவறு சொல்லவும் உங்கள் பக்கம் விஷயம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால், ஆள் எடுக்காதீர்கள். “இந்தப் பகுதி இந்தத் தேதிக்குள் இயங்க வேண்டும்” என்று வேலையையே ஒப்படைக்கும் வகை ஒப்பந்தத்தைத் தேடுங்கள். வழிகாட்ட ஆளில்லாத இடத்தில் எவ்வளவு திறமைசாலி வந்தாலும், முதல் மாதம் யாரிடம் கேட்பது என்று தெரியாமலே போய்விடும். அந்த மாதத்துக்கும் நாம் பணம் கட்டுவோம்.

படி 2: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

சுருக்கக் குறிப்பை மட்டும் பார்க்க வேண்டாம். உங்கள் அமைப்பு அதைப் பயன்படுத்தலாமா, எந்தெந்தப் பொறுப்புகள் அடங்கும், எப்போது காலாவதியாகிறது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஓடும் ஆர்டரை இப்போது போடலாமா, எல்லா நிறுவனங்களிடமும் விலை கேட்க வேண்டுமா அல்லது நேரடியாக ஆர்டர் போடலாமா என்று பாருங்கள். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இவை மாறும். சந்தேகம் இருந்தால் உங்கள் கொள்முதல் பிரிவைக் கேளுங்கள்.

படி 3: தேவையை எழுதுவது

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. நான் அடிக்கடி பார்க்கும் வரி: “ஜாவா தெரிந்த, 5 ஆண்டு அனுபவமுள்ள, குழுவாக இயங்கக்கூடிய டெவலப்பர்.” இதற்கு ஐம்பது சுயவிவரங்கள் வரும். ஒன்றுகூட உதவாமல் போகலாம். மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: “சிங்பாஸ் வழியாக உள்நுழையும் உரிம விண்ணப்பச் செயலி. ஏற்கெனவே ஜாவாவில் எழுதப்பட்டது, ஆவணங்கள் குறைவு. வருபவர் முதல் இரண்டு மாதத்தில் கட்டணப் பகுதியைப் பிரித்து எழுத வேண்டும். அதற்குத் தானியங்கிச் சோதனைகளும் அவரே எழுத வேண்டும். பிறர் எழுதிய பழைய நிரலைப் படித்துத் திருத்திய அனுபவம் அவசியம்.” இதைப் படிக்கும் நிறுவனத்துக்கு யாரை அனுப்புவது என்று புரியும். பொருந்தாதவர் தானே விலகிக்கொள்வார்.

மனத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு அவருடைய சுயவிவரத்தைப் பார்த்துத் தேவையை எழுதாதீர்கள். ஒப்புதல் வரம்புக்குள் அடக்குவதற்காக ஒரே தேவையை இரண்டு மூன்று ஆர்டர்களாக உடைப்பதும் கூடாது. சிங்கப்பூர் 1997 முதல் உலக வர்த்தக நிறுவனத்தின் அரசாங்கக் கொள்முதல் உடன்பாட்டில் இருக்கிறது. திறந்த, நேர்மையான போட்டி நாம் கொடுத்த வாக்கு.

படி 4: பணக் கணக்கு

விலை பெரும்பாலும் ஒரு மேன்-டேக்கு, அதாவது ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலைக்கு, இவ்வளவு என்று இருக்கும். புதியவர்கள் மாதத்துக்கு 22 நாள் என்று பெருக்கிவிடுகிறார்கள். ஆண்டில் சனி, ஞாயிறு போக சுமார் 261 நாள். 11 பொது விடுமுறைகளைக் கழித்தால் 250. ஆறு மாதத்துக்கு 125. அவர் ஏழு நாள் விடுப்பு எடுப்பார் என்று வைத்தால் 118.

நாளுக்கு 550 வெள்ளி என்று ஓர் உதாரண விலையை எடுத்துக்கொள்வோம். 118 நாளுக்கு 64,900 வெள்ளி. 9 விழுக்காடு பொருள் சேவை வரி 5,841. மொத்தம் 70,741. அதையே மாதம் 22 நாள் என்று போட்டால் 132 நாள், வரிக்கு முன் 72,600. ஒரே ஆளுக்கு 7,700 வெள்ளி தேவையில்லாமல் முடங்கிக் கிடக்கும். அதே பணம் வேறொரு பிரிவுக்கு உதவியிருக்கும்.

நிதியாண்டு ஏப்ரல் 1ல் தொடங்கி மார்ச் 31ல் முடிகிறது. உங்கள் ஆறு மாதம் அந்தத் தேதியைத் தாண்டினால் இரண்டு ஆண்டுகளின் பட்ஜெட்டிலும் பணம் இருக்கிறதா என்று நிதிப் பிரிவிடம் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். அப்புறம், ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம், இரவில் சிஸ்டம் மாற்றும்போது வேலை செய்தால் என்ன விலை, ஆள் பாதியில் போனால் மாற்று ஆள் எத்தனை நாளில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: விலை கேட்பதும் நேர்காணலும்

எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே தகவல், ஒரே கெடு. ஒருவர் கேட்ட கேள்விக்குத் தரும் பதில் எல்லோருக்கும் போக வேண்டும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை விலைப்புள்ளிகளைத் திறக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

நேர்காணலில் இரண்டு அதிகாரிகளாவது இருங்கள். “உங்கள் பலம் என்ன?” என்ற கேள்வியால் பயன் இல்லை. உங்கள் செயலியில் நிஜமாக வந்த ஒரு பிழையை, தனிப்பட்ட தரவை எல்லாம் நீக்கிவிட்டுக் காட்டி, “இதை எங்கிருந்து தேடத் தொடங்குவீர்கள்?” என்று கேளுங்கள். நல்ல டெஸ்டர் பதில் சொல்லும் முன் உங்களையே நாலு கேள்வி கேட்பார். தேர்வானவரின் பெயரை ஆர்டரிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். நேர்காணலில் ஒருவரும் வேலையில் இன்னொருவரும் வந்து நிற்கும் சிக்கல் வராது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. இங்கே தமிழர் வட்டம் சிறியது. கோயிலிலோ, பிள்ளையின் பள்ளியிலோ, லிட்டில் இந்தியாவில் சாப்பிடும் இடத்திலோ பழகியவர் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பொறுப்பில் இருப்பார். “அண்ணே, நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்பார். முகம் சுளிக்க வேண்டாம். “தம்பி, உங்க நிறுவனம் முறைப்படி விலை கொடுக்கட்டும். நமக்குள்ள பழக்கம் இருக்கிறதை நான் எழுதிக் கொடுத்துட்டு மதிப்பீட்டுக் குழுவிலிருந்து விலகிக்கிறேன்” என்று அன்றே சொல்லிவிடுங்கள். அந்தப் பையனுக்கும் அதுதான் நல்லது. தகுதியால் வந்தவன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

படி 6: ஒப்புதல், ஆர்டர்

மதிப்பிட்டவரே ஒப்புதல் தரக்கூடாது. ஆர்டர் வெளியாகும் முன் ஒரு நாள்கூட வேலை தொடங்கக்கூடாது, “சும்மா வந்து குழுவைப் பார்த்துட்டுப் போகட்டும்” என்றாலும் சரி.

படி 7: ஆள் வருவதற்கு முன்

பாதுகாப்புச் சோதனைக்கு நேரம் எடுக்கும். தேர்வானவுடன் படிவங்களை அனுப்பிவிடுங்கள். அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் தொடர்பான உறுதிமொழி, மடிக்கணினி, நுழைவு அட்டை, கணினிக் கணக்குகள் எல்லாம் முதல் நாளுக்கு முன் தயாராக இருக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் அவருடைய வேலை அனுமதி நிறுவனத்தின் பொறுப்பு. அது செல்லுபடியாகிறதா என்று பார்ப்பது நம் கடமை.

வேலைக்குத் தேவையான அனுமதிகளை மட்டும் கொடுங்கள். சோதனைக்கு உண்மையான மக்கள் தரவைக் கொடுக்கவே வேண்டாம். 2019ல் 800,000க்கும் மேற்பட்ட ரத்த தானம் செய்தவர்களின் விவரங்கள், வெளி நிறுவனம் ஒன்று இணையத்துடன் இணைந்த சர்வரில் போதிய பாதுகாப்பின்றி வைத்ததால் அம்பலமாயின. 2021 பிப்ரவரியிலிருந்து, அரசாங்க அமைப்புகளின் சார்பில் தரவைக் கையாளும் நிறுவனங்களுக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்துகிறது. இருந்தாலும் தன் விவரங்களைக் கொடுத்தவர் நம் அலுவலகத்தை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்.

படி 8: வேலை நடக்கும்போது

அவர் நிறுவனத்தின் ஊழியர். சம்பளம், மத்திய சேமநிதி, விடுப்பு எல்லாம் அங்கே. ஆனால் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர் அவர். குழுக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், மதியச் சாப்பாட்டுக்கும் கூப்பிடுங்கள். செயலி எதற்காக, யார் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லுங்கள். உரிமத்துக்குக் காத்திருக்கும் கடைக்காரரை மனத்தில் வைத்து எழுதும் நிரல் தரமாக இருக்கும்.

வேலை செய்த நாள்களைக் குறிக்கும் டைம்ஷீட்டை வாரம்தோறும் பார்த்துக் கையெழுத்திடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்த்தால் எந்த நாளில் எந்த வேலை நடந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. சரியான விலைப்பட்டியல் வந்தால் பணத்தைத் தாமதிக்காதீர்கள். சிறிய நிறுவனம் அந்தப் பணத்தை வைத்துத்தான் சம்பளம் கொடுக்கும்.

படி 9: முடிக்கும்போது

நீட்டிக்க வேண்டுமா என்று மூன்று மாதம் முன்பே யோசியுங்கள். நீட்டிப்புக்கும் ஒப்புதல் வேண்டும், காரணம் வேண்டும். முடிப்பதென்றால் கடைசி மாதம் முழுக்க அறிவைக் கைமாற்றுவதற்கு ஒதுக்குங்கள். உங்கள் நிரந்தர ஊழியர் செயலியைத் தானே ஒருமுறை நிறுவி இயக்கிக் காட்டும்வரை அந்தக் கைமாற்றம் முடிந்ததாகக் கணக்கில்லை.

கடைசி நாளன்று மடிக்கணினியையும் நுழைவு அட்டையையும் திரும்ப வாங்குங்கள். எல்லாக் கணக்குகளையும் அன்றே முடக்குங்கள். முக்கியமாக சர்வர், டேட்டாபேஸ் நிர்வாக உரிமை உள்ளவற்றை. பணி விலகியவர்களின் கணக்குகள் நீக்கப்படாமல் கிடப்பதைத் தலைமைக் கணக்காய்வாளரின் ஆண்டறிக்கைகள் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கின்றன. எந்தெந்தக் கணக்கு எத்தனை மணிக்கு முடக்கப்பட்டது என்ற மின்னஞ்சலை சிஸ்டம் நிர்வாகியிடம் கேட்டு வாங்கி, ஆர்டர் இருக்கும் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.