மாடி வீட்டுக்கு எவ்வளவு வாடகை சொல்வது?

கீழே நீங்கள் குடியிருந்துகொண்டு, மாடியை முதன்முறையாக வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னைப் புறநகர், இரண்டு பெட்ரூம் வீடு.

முதலில் வீட்டுக் கடன் தவணையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். "மாதம் 25,000 கட்டுகிறேன், பாதியாவது வர வேண்டாமா?" என்று பலர் தொடங்குகிறார்கள். குடிவருபவருக்கு அது எதற்கு? அதே காசுக்குப் பக்கத்துத் தெருவில் என்ன வீடு கிடைக்கும் என்றுதான் அவர் பார்ப்பார்.

அடுத்து, தெருவில் விசாரியுங்கள். இணையத்தில் இருப்பது ஓனர் கேட்கும் தொகை. பேசி முடிந்த தொகை குடியிருப்பவருக்குத்தான் தெரியும். அயர்ன் வண்டிக்காரரிடமும் மளிகைக் கடையிலும் கேட்டுப் பாருங்கள். 'டூலெட்' போர்டு மாதக்கணக்கில் தொங்கும் வீட்டின் வாடகையை அளவாக எடுக்காதீர்கள்.

நாலு வீடு விசாரித்ததில் 14,000 முதல் 16,000 வரை வருகிறது. சரி, இப்போது நம் வீட்டை அவற்றோடு ஒப்பிட வேண்டும். வருபவர்கள் முதலில் கேட்பது தண்ணீரைத்தான். போர் தண்ணீர் உப்பா, மெட்ரோ வாட்டர் வருகிறதா என்பதிலேயே வாடகை ஏறி இறங்கும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் குறைக்கத்தான் வேண்டும். கார் நிறுத்த இடம் இருந்தால் கூட்டலாம். தனி ஈ.பி. மீட்டர் பெரிய பலம்: இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் குடியிருப்பவருக்கே நேராகப் போய்விடும், யூனிட்டுக்கு எவ்வளவு என்ற சண்டையும் வராது.

இப்படிப் பார்த்து 15,000 நியாயம் என்று தெரிகிறது. 16,000 கேட்டால் என்ன? கேட்கலாம். ஆனால் அதற்காக வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 15,000 போச்சு. மாதம் ஆயிரம் வீதம் அதை மீட்க 15 மாதம் ஆகும். நாம் போடும் ஒப்பந்தமோ பெரும்பாலும் 11 மாதத்துக்கு. இந்தக் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பேரம் பேச உட்காருங்கள். இரண்டு வாரமாகப் பார்க்க வருபவர்கள் எல்லோரும் வாடகையைக் கேட்டதும் திரும்பிப் போகிறார்கள் என்றால், ஐந்நூறு குறையுங்கள்.

அட்வான்ஸ் பத்து மாதம் என்பது பழைய சென்னை வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சம்மதிக்காத வரை மூன்று மாத வாடகைதான். பெரிய அட்வான்ஸ் கேட்டால் நல்ல குடும்பங்கள் படியேறிப் பார்க்கவே வரமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அப்புறம், வருடாந்திர உயர்வை முதல் நாளே பேசி ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். 5 சதவீதம் என்றால் 15,000 அடுத்த ஆண்டு 15,750 ஆகும். மெயின்டனன்ஸ், தண்ணீர் லாரி, மோட்டார் கரண்ட் ஆகியவை வாடகையில் அடக்கமா, தனியா என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள்.